உன் அப்பா நிலத்தை விற்ற காரணம்

மகனே,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். ஏரிக்கரை மேல் நின்றுகொண்டு, இந்த வயல்வெளி முழுக்க ஒருநாள் வீடாக நிற்கும், தண்ணீர் லாரியில் வரும், குடத்தோடு வரிசையில் நின்று அடித்துக்கொள்வார்கள் என்று நான் சொன்னபோது, கீழே நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அதில் சிரிப்பை அடக்க முடியாமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்ட ஒருத்தி, இன்றைக்கு அதே வரிசையில் பிளாஸ்டிக் குடத்தோடு நிற்கிறாள். நீ படித்து ஊரைவிட்டுப் போவாய் என்றும் சொன்னேன். ஓசூர் பக்கம் விதைக் கம்பெனியில் வேலை கிடைக்கும், பெண்ணும் அந்தப் பக்கமே அமையும் என்றும் சொன்னேன். பெண்ணின் பெயரைத்தான் சொல்லவில்லை. யாராவது கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். எட்டாம் வகுப்பில் என்னை மூன்று வருஷம் வைத்திருந்தார்கள், வாத்தியாருக்கு என்னை அனுப்ப மனசில்லை. அந்த மூன்று வருஷத்தில் படித்ததுதான் இவ்வளவு தூரம் பார்க்க வைத்தது. ஆனால் உன் கல்யாணத்துக்கு உன் அப்பா வரவேண்டாம் என்று நீ எழுதுவாய் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பத்திரிகையில் ஊருக்காக அவர் பெயர் இருக்கும், மேடைக்கு மட்டும் வரவேண்டாம், அப்பா நிற்கவேண்டிய இடத்தில் நீதான் நிற்கணும் சித்தப்பா, உன் கையால்தான் எனக்கு அட்சதை விழணும் என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், முதல் தடவை படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் படித்துக் காட்டினேன். தபால்காரரையே நிறுத்தி வைத்து அவர் கொண்டுவந்த கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டினேன். எனக்குப் பிள்ளை இல்லை என்று சொன்ன வாயெல்லாம் இப்போது என்ன சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். பட்டு வேட்டி எடுக்கத் தாம்பரம் கடைத்தெருவுக்குக் கிளம்பினேன், பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே சைக்கிளை ஊன்றிக்கொண்டு இரண்டாம் தடவை படித்தேன். கேட் திறந்து எல்லாரும் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். வேட்டி எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். உனக்குப் பதில் எழுதவேண்டும், அதற்கு முன்னால் உன் அப்பா யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தாயே, தெரியாதா என்று கேட்காதே. தெரியாது.

உன் அப்பாவைப் போல ஒரு வெள்ளாமைக்காரன் வேளச்சேரியிலிருந்து வண்டலூர் வரைக்கும் கிடையாது. ஒன்பது வயதில் ஏர் பிடித்தார். கலப்பை அவர் உயரம் இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் மாடு தானாக உழுகிறது என்று ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு ஏக்கர் அறுபது சென்ட்டில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் எடுத்தார். ஒரு சம்பாவில் அறுபது மூட்டை கண்டார். சரி, நாற்பது. ஆனால் அவருடைய பெருமை மூட்டையில் இல்லை. நம் நிலம் ஏரிப் பாசனத்தில் கடைசி நிலம், உனக்குத் தெரியும். மேலே இருக்கிற வயல்கள் எல்லாம் அவரவர் முறை நாள் பாய்ச்சி முடித்தபிறகுதான் நமக்குத் தண்ணீர். எண்பதுகளின் நடுவில் மேல்வயல்காரர்கள் ஒவ்வொருவராக மனை போட்டு விற்றுவிட்டார்கள். வாய்க்கால் இருந்தது, ஏரியில் தண்ணீர் இருந்தது, நடுவில் முறை கேட்க ஆளே இல்லை. உன் அப்பா அப்போதும் மடையைத் திறக்கவில்லை. பயிர் வாடுகிறது, மண்வெட்டியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். என்னண்ணா என்றேன்.

“மேல்வயலுக்கு மூணு நாளு முறை. முடியட்டும்.”

“அங்க வயலு ஏதுண்ணா? மாடி வூடு கீது. நீ தண்ணி வுட்டாக்கூட அவன் வாணாம்பான்.”

“வூடு கட்டிட்டா முறை இல்லன்னு ஆயிடுமா? நாளைக்கு அவன் புள்ள வந்து கேட்டா இன்னா சொல்றது?”

மூன்று நாள் உட்கார்ந்திருந்தார், மகனே. இல்லாத வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து முடியட்டும் என்று மூன்று நாள். நான் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன், ஏழு நாள் என்று. இன்னொன்று சொல்கிறேன். சந்தைக்கு ஒரு காளையை ஓட்டிக்கொண்டு போனோம். வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்த்தான், வாலைத் தூக்கிப் பார்த்தான், பிடித்துவிட்டது. துண்டுக்கு அடியில் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசி முடிக்கிற நேரத்தில் உன் அப்பா, “மத்தியானம் ஆனா படுத்துக்கும், அடிச்சாலும் எழுந்துக்காது, சொல்லிட்டேன்” என்றார். அவன் கையை உதறிக்கொண்டு போய்விட்டான். நாங்கள் அந்தக் காளையைத் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தோம். வழியில் மத்தியானம் ஆனது. அது படுத்துக்கொண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன், அவர் அதற்குத் துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நீ ஒரு பொருளை விற்கிற வேலையில் இருக்கிறாய். அவர் மாதிரி இரு என்று புத்தி சொல்ல எனக்கு ஆசைதான். அவர் மாதிரி இருந்து அவர் என்ன கண்டார் என்று நீ திருப்பிக் கேட்பாய்.

நீ வேளாண்மை டிப்ளமோ சேர்ந்த வருஷம் மனை போட்டு விற்கிற புரோமோட்டர் மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. வந்த மூன்று தடவையும் உன் அப்பா அவனுக்கு மோர் கொடுத்து, “எம்புள்ள வெள்ளாமை படிக்கிறான் சார், வந்து அவனே பாத்துக்குவான்” என்று சொல்லி அனுப்பினார். நம் ஊரில் வீட்டுக் காலனி வந்தபிறகு படித்தவன் வயலில் இறங்கியதாக ஒரு ஆளைக் காட்டு பார்க்கலாம் என்று ஊரே கேலி செய்தது. அவர் அசையவில்லை. உனக்காகக் கிழக்கு வரப்பை அகலம் செய்து வைத்தார், படித்தவன் பேண்ட் போட்டுக்கொண்டு நடப்பான் என்று. அண்ணி, உன் அம்மாதான், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்போதுதான் பைபாஸ் ரோடு பேச்சு கிளம்பியது. டீக்கடையில் ஆளுக்கு ஒரு பக்கம் ரோடு போட்டார்கள். ஒருத்தன் பள்ளிக்கரணை சதுப்புக்குள் விடுகிறான், ஒருத்தன் ஏரியைச் சுற்றி விடுகிறான். எனக்குப் பொறுக்கவில்லை. தாலுக்கா ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கிறது, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது கடையில் எனக்காகவே பத்துப் பேர் காத்திருந்தார்கள். கிளார்க் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார், பைல் கட்டை அவிழ்த்துக் காட்டினார், நிலம் எடுக்கப்போகிற பட்டியலை என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். யார் யார் நிலம் என்று கேட்டார்கள். உன் அப்பா கடைசியில் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் நிலம் எல்லாம் ஏற்கெனவே மனையாகிவிட்டது. நிலம் என்று சொல்ல மீதி இருந்தது ஒன்றுதான். நம்மளதுதாண்ணா மொதல்ல என்றேன்.

அவர் டீக்காசை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

“நல்லா பாத்தியாடா?”

“பாத்தேண்ணா.”

“நம்ம சர்வே நெம்பர்தானா? பக்கத்து நெம்பரு இல்லியே?”

“நம்ம நெம்பர்தான். செவப்பு மையில சுழிச்சி வெச்சிருந்தாங்க.”

கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். சர்க்கார் எடுத்துக்கொண்டால் கோர்ட்டு, கச்சேரி என்று அலைந்து கைக்கு ஏதாவது வருவதற்குள் உனக்கே பேரன் பிறந்துவிடுவான் என்று நானும் சொன்னேன், ஊரும் சொன்னது. நோட்டீஸ் வந்துவிட்டால் புரோமோட்டர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், நோட்டீஸ் வருவதற்குள் தள்ளிவிடு என்றார்கள். அந்த வார்த்தைதான், தள்ளிவிடு. ஒன்பதாம் நாள் உன் அப்பா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் வாங்கிக்கொண்ட ஒரே வாக்கு, நிற்கிற நவரைப் பயிரை அறுத்தபிறகுதான் மனைக்கல் நடவேண்டும் என்பது. புரோமோட்டர் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டான்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே நானும் இருந்தேன். லீவுக்கு வந்தாய். கல்லூரிப் பண்ணையிலிருந்து புது ரக விதைநெல் இரண்டு படி துணிப்பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாய். வீட்டுக்குள் போகாமல் பையோடு நேராக வயலுக்குப் போனாய். வரப்பில் புரோமோட்டரின் போர்டு நின்றது. போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றாய்.

“யாரக் கேட்டு வித்தே, நைனா?”

அவர் துண்டை எடுத்து உதறி மடித்தார்.

“நான் இன்னாத்துக்குப் படிச்சிகினு இருக்கேன்? சொல்லு. எவன் ஆசை காட்டுனான்?”

அவர் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பையை அவிழ்த்து விதைநெல்லைக் கோழிக்குக் கொட்டினாய். பேராசைக்காரன் என்று சொன்னாய். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே கிளம்பிவிட்டாய். பெருங்களத்தூர் பஸ் நிறுத்தம் வரைக்கும் நான்தான் உன்னோடு வந்தேன். பொங்கல் கூட்டம், ஒரு பஸ்ஸும் நிற்கவில்லை, இரண்டு மணி நேரம் நின்றோம். சோடா வாங்கிக் கொடுத்தேன். உன்னைச் சிரிக்க வைக்க என்னென்னவோ கதை சொன்னேன். அவர் ஏன் விற்றார் என்று சொல்ல எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பஸ்ஸில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமே நீதான் சித்தப்பா எனக்கு நைனா என்றாய். மகனே, எனக்கு அப்போது வருத்தமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் ஏன் உன்னிடம் வாயைத் திறக்கவில்லை என்று அடுத்த வருஷம்தான் எனக்கே விளங்கியது. ரயில்வேயில் ரிடையரான ஒருவர் நம் கிழக்கு வரப்பு இருந்த இடத்தில் மனை வாங்கி, வாஸ்து பூஜைக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார். பூஜை நடக்கிறபோதே உன் அப்பா போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “வாணாம் சார், இங்க கட்டாதீங்க, ரோடு வரப்போவுது” என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் நல்லவர். “வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு பெரியவரே, சுத்தமா இருக்கு” என்று சொல்லிக் கையில் பொங்கல் கொடுத்து அனுப்பினார். உன் அப்பா அந்த இலையை வைத்துக்கொண்டு தெருவில் நின்றார். போகப்போகிற நிலம் என்று தெரிந்தே அடுத்தவன் தலையில் கட்டினேன் என்பதுதான் அவரை அரித்தது. மாட்டுக்குச் சொன்ன மாதிரி நிலத்துக்குச் சொல்லவில்லையே என்பதுதான். காரணத்தை உன்னிடம் சொன்னால், தெரிந்தே ஏமாற்றினேன் என்று பெற்ற பிள்ளையிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பேராசைக்காரன் என்று நீ நினைப்பதே மேல் என்று இருந்துவிட்டார்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு அஸ்திவாரத்துக்கும் போய்ச் சொன்னார். நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான் கிழவன் என்று சிலர் விரட்டினார்கள். பிள்ளைகள் அவருக்கு ரோடு தாத்தா என்று பெயர் வைத்தார்கள். அவர் பாட்டுக்குக் காலி மனைகளில் கீரை போட ஆரம்பித்தார். மனைக்காரர்கள் எங்கேயோ வெளியூரில் இருப்பார்கள், உன் அப்பா கடிதம் போட்டுக் கேட்பார், அவர்களும் முள்செடி வளராமல் இருந்தால் சரி என்பார்கள். முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை. மனைக்காரர் கட்ட வந்தால் அடுத்த மனை. தன் சொந்த நிலத்திலேயே பாத்தி பாத்தியாக எட்டு வருஷம் இடம் மாறிக்கொண்டிருந்தார். விளைந்த கீரையில் முதல் கட்டு அங்கே வீடு கட்டியவர்களுக்கு, ஒரு வீடு விடாமல், சும்மா. பொழிச்சலூர் வரைக்கும் தூக்கிப்போய் விற்பது மீதிதான். அந்த வீட்டுப் பெண்கள் அவரைக் கொஞ்சம் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று நினைக்கிறார்கள். அண்ணியும் இப்போது அப்படித்தான் நினைக்கிறாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கேட்பார், எப்படா வருவாங்க ரோட்டுக்காரங்க என்று. பைல் மேலே போயிருக்கிறது என்பேன். ஆபீஸர் மாறிவிட்டார் என்பேன். பைபாஸை ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மேற்கே எங்கேயோ அளக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்தபிறகும் கேட்டார். அது முதல் கட்டம், நம்மளது இரண்டாம் கட்டம் என்றேன். என்ன கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும், அது உனக்குத் தெரியும். உனக்குக் கல்யாணப் புத்தி என்று ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் பெண்டாட்டி எதையாவது கேட்டு உனக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல். நாலு பேர் முன்னால் கேட்டாலும் சொல். எனக்கு அந்த வார்த்தை ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் வாயில் வந்ததில்லை.

போன மாதம் கடைசி காலி மனையிலும் குழி தோண்டிவிட்டார்கள். இப்போது அவருக்குப் போட ஒரு சென்ட்டும் இல்லை. வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம் என்கிறார், பார்க்க என்ன இருக்கிறது என்கிறார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்று நினைத்தேன், எனக்கு அது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் படித்துவிட்டேன். கடைசியாகப் பிடுங்கிய கீரையை வாழைநாரில் கட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“சரியாத்தான் எழுதிகீறான். நீயே நில்லுடா. ஊரை ஏமாத்துனவன் கையால புள்ளைக்கு அட்சதை வுழ வாணாம்.”

அவ்வளவுதான் சொன்னார். பெண் எப்படி, என்ன படிப்பு என்று கேட்டார். நல்ல நிறம், தங்கமான குணம், கார் வைத்திருக்கிற குடும்பம் என்று நான் பார்த்த மாதிரியே சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

அதனால் உன் மேடையில் நான் நிற்கமாட்டேன். அவரும் வரமாட்டார். நீ வந்து கூப்பிட்டாலும் வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு நான் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. எட்டு வருஷமாகத் தினமும் அவரைப் பார்க்கிறேன், தினமும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை என்று ஆகிவிடும். வயலை ஒன்றுமில்லாததற்கு விட்டுக்கொடுத்தார், பிள்ளையையும் ஒன்றுமில்லாததற்கு விட்டுக்கொடுத்தார் என்றும் ஆகிவிடும். இந்த இரண்டில் அவர் தாங்கக்கூடியது எது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் நீ அவரிடம் சொல். தெரியாவிட்டால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

மேலே எழுதியதில் மூட்டைக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஏர் பிடித்தது ஒன்பது வயதிலா பதினொன்றிலா என்று தெரியாது. ரோட்டில் யாரும் வண்டியை நிறுத்தவில்லை. அதெல்லாம் போகட்டும். நான் அன்றைக்குத் தாலுக்கா ஆபீஸுக்கு சைக்கிளில் போனது நிஜம். வாசல் வரைக்கும் போனேன். அன்று இரண்டாம் சனிக்கிழமை. ஆபீஸ் பூட்டியிருந்தது.